தாம்பரம் பக்கமிருந்து மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்?

சேலையூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. மூவாயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் மகள் ஏழாம் வகுப்பை முடிக்கப் போகிறாள், மகன் இரண்டாம் வகுப்பு. "அந்தப் பக்கம் நல்ல பள்ளி எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "மனைவி மட்டும் போய்விட்டு, நான் பிள்ளைகளோடு இங்கேயே இருந்துவிடலாமா என்றும் யோசிக்கிறோம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அதுதான் கேள்வி. நம் வேலைக்காகப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறோமோ என்ற பயம் அதில் தெரிகிறது. பள்ளிப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னதாகாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. 1989-ல் இந்தக் கடற்கரையில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வேலை உத்தரவு வந்தபோது என் அம்மா அழுதார். 'தண்ணியில்லாக் காடு' என்றுதான் அப்போது ராமநாதபுரத்துக்குப் பெயர். அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் அங்கே மாற்றிவிடுவேன் என்பார்கள். இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று வந்தவள், 34 ஆண்டுகள் கழித்து ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இங்கேயே ஓய்வு பெற்றேன். என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் படித்தார்கள். எனவே அரசுப் பள்ளிகளைப் பற்றி நான் சொல்வது உள்ளேயிருந்து பார்த்தது. தனியார் பள்ளிகளில் நான் பணியாற்றியதில்லை. அங்கிருந்து எங்களிடம் வந்த பிள்ளைகளையும், எங்களிடமிருந்து அங்கே போன பிள்ளைகளையும் வைத்துத்தான் அவற்றைத் தெரியும். அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பேரும் சேர்ந்தே வாருங்கள். வருவதென்றால் இந்தக் கோடையிலேயே வாருங்கள், அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். முதலில் பள்ளியை முடிவு செய்துவிட்டு அப்புறம் வீடு பாருங்கள். மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதை இன்றைக்கே தொடங்குங்கள். இந்த நாலில் கடைசியைத்தான் எல்லாப் பெற்றோரும் சாதாரணமாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் சென்னைப் புறநகரிலிருந்து ஒரு பையன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். ஆகஸ்ட் மாதம். அப்பாவுக்குத் திடீர் மாற்றல். கணக்கிலும் அறிவியலிலும் எங்கள் பிள்ளைகளைவிட ஒரு படி மேலேயே இருந்தான். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. "தமிழ் மட்டும் கொஞ்சம் வீக், பழகிடுவான் டீச்சர்" என்றார் அவன் அம்மா. நானும் "பழகிடுவான்மா, கவலைப்படாதீங்க" என்றேன். காலாண்டுத் தேர்வில் அவனுடைய தமிழ் விடைத்தாளைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தான். ஒரு பத்தி எழுத அரை மணி நேரம் ஆனது. செய்யுளை மனப்பாடம் செய்ய ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டான். வகுப்பில் வாய் திறந்து படித்தால் மற்றவர்கள் சிரித்தார்கள். அதனால் படிப்பதை நிறுத்தினான், பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டான். கணக்கில் 90 எடுத்த பையன் தன்னை மக்கு என்று நினைக்கத் தொடங்கினான். அரையாண்டு முடிந்ததும் அவனைத் தாத்தா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நான் அந்த அம்மாவிடம் "முதலில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் சேர வந்த எந்தப் பிள்ளையையும் வாசிக்கக் கேட்காமல் நான் சேர்த்ததில்லை.

உங்கள் மகளுக்கு இந்தி இரண்டாம் மொழி, தமிழ் 'இருக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'இருக்கு' என்ற சொல்லை நம்பாதீர்கள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. பின்னர் அது சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சட்டம் இருப்பதும் பிள்ளை சரளமாக வாசிப்பதும் ஒன்றில்லை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒரு சிறு பயிற்சிப் புத்தகம் என்று பெயருக்கு நடத்தும் பள்ளிகள் நிறைய. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தமிழ் 100 மதிப்பெண் பாடம். 35 எடுத்தால்தான் தேர்ச்சி. எட்டாம் வகுப்பிலேயே செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் எல்லாம் முழு அளவில் இருக்கும். இன்று மாலை மகளிடம் ஒரு நாளிதழைக் கொடுத்து அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு வாசித்ததை நாலு வரியில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கணக்கு, அறிவியல் பற்றி நீங்கள் படும் கவலையில் பாதியை விட்டுவிடலாம். 2018-ல் தொடங்கிப் படிப்படியாக மாநிலப் பாடநூல்களை மாற்றி எழுதினார்கள். அதன் பிறகு எட்டாம் வகுப்பு அளவில் இரண்டு பாடத்திட்டங்களுக்கும் இடையில் பிள்ளை விழுந்துவிடும் அளவுக்குப் பள்ளம் எதையும் நான் பார்க்கவில்லை. தேர்வில் கேள்வி கேட்கும் விதம் மாறும். அது ஒரு பருவத்தில் பழகிவிடும். சிபிஎஸ்இ-யிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் ஆறு மாதம் தமிழிலும் சமூக அறிவியலிலும்தான் தடுமாறினார்கள்.

ஏன் இந்தக் கோடையிலேயே என்கிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்பு ஒரு கதவு மாதிரி. சிபிஎஸ்இ-யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு. பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடந்துவிடும். நேரே பத்தாம் வகுப்பில் போய்ச் சேர்வதற்குப் பெற்றோரின் பணி மாற்றல் போன்ற காரணத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மாநிலப் பாடத்திட்டத்திலும் பத்தில் வந்து சேரும் பிள்ளைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எட்டாம் வகுப்பில் வந்தால் ஒரு முழு வருடம் பழகுவதற்கே கிடைக்கிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. சிபிஎஸ்இ பள்ளியில் ஆண்டுத் தேர்வு மார்ச்சில் முடிந்துவிடும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளி ஜூனில்தான் திறக்கும். நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. அதை முழுக்கத் தமிழுக்குக் கொடுத்தால் மகள் ஜூனில் தலைநிமிர்ந்து வகுப்புக்குள் போவாள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி நிற்கும், வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், தெருப் பிள்ளைகள் நாள் முழுதும் வெளியே இருப்பார்கள். அந்த நாட்களில் வந்து இறங்கினால் பள்ளி திறக்கும் முன்பே தெருவில் நாலு பேரையாவது பழக்கம் பிடித்துவிடுவார்கள்.

சரி, எந்த வகைப் பள்ளி? உங்கள் மனைவி மத்திய அரசு ஊழியர் என்பதால் கேந்திரிய வித்யாலயாவில் முதல் முன்னுரிமைப் பிரிவில் வருவார். இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அங்கே சேர நுழைவுத் தேர்வு கிடையாது. காலியிடம் இருந்தால் முன்னுரிமைப்படி கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்வு உண்டு. ஆனால் மண்டபம், உச்சிப்புளி வட்டாரத்தில் கடலோரக் காவல்படை, கடற்படை விமானதளம், மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்று மத்திய அரசுக் குடும்பங்கள் ஏற்கெனவே அதிகம். எனவே முன்னுரிமை இருப்பதால் மட்டும் இடம் உறுதியாகிவிடாது. ஏப்ரலில் அங்கே வகுப்பு தொடங்கிவிடும் என்பதால் இப்போதே விசாரியுங்கள். இடம் கிடைத்து, இன்னும் சில வருடத்தில் மனைவிக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வரக்கூடும் என்றால் அதுவே மகளுக்குப் பொருத்தம் என்பேன். பாடத்திட்டம் மாறாது, இந்தி தொடரும். ஒரே குறை, தமிழ் அங்கே ஓரத்துக்குப் போய்விடும். அதை வீட்டில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நவோதயா பள்ளி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகளே இல்லை, அதைத் தேட வேண்டாம்.

மகன் விஷயம் வேறு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த மொழியும் ஆறு மாதத்தில் வரும். அவனை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்ப்பதைப் பற்றி நீங்கள் யோசிக்கவே இல்லை என்பது எழுத்தில் தெரிந்தது. யோசிக்கச் சொல்வேன். தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த வருடமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புகளில் பாடமே விளையாட்டும் பாட்டுமாகத்தான் நடக்கிறது. இன்னொரு விஷயம் பல நகரத்துப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. பொதுவான நிபந்தனை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. உங்கள் மகள் ஆறும் ஏழும் தனியார் பள்ளியில் முடித்துவிட்டாள், அவளுக்கு இது வராது. மகன் ஆறாம் வகுப்புக்கு வர இன்னும் சில வருடம் இருக்கிறது. சலுகைக்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. நல்ல அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்து, நீங்கள் தயங்கிக்கொண்டிருந்தால், ஆறாம் வகுப்பு என்ற அந்த எல்லை நினைவில் இருக்கட்டும்.

நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? தேர்ச்சி விழுக்காட்டை வைத்து வேண்டாம். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் மாவட்டம் 96.36 சதவீதத்தோடு மாநிலத்தில் மூன்றாவது இடம். மாநிலச் சராசரி 91.55. மத்திய அரசு 2018-ல் வளர்ச்சியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட மாவட்டங்களில் ராமநாதபுரமும் ஒன்று என்பதை நினைத்தால் அந்த எண் எவ்வளவு உழைப்பில் வந்தது என்பது புரியும். மாலை ஏழு மணி வரை பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கவைத்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். இருந்தாலும் அது தேர்ச்சிக்கான உழைப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானாக ஒரு கதையை வாசித்துப் புரிந்துகொள்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

ஒரு சாதாரண வேலை நாளில், காலை பதினோரு மணி வாக்கில் நேரில் போங்கள். ஆண்டு விழா அன்று போகாதீர்கள். மேசையில் கிடக்கும் வீட்டுப்பாட நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் வெறும் 'டிக்' இருக்கிறதா, பிழையைத் திருத்தி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு பள்ளியைப் பற்றி அதைவிட உண்மையான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று. மகள் எட்டாம் வகுப்புக்கு வருகிறாள், இது சின்ன விஷயமில்லை. அப்புறம் தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா, எத்தனை வருடமாக இருக்கிறார்கள்?"

இந்தக் கேள்விக்கு இங்கே தனி எடை உண்டு. எங்கள் கடற்கரைப் பள்ளிகளில் புதிதாக வேலைக்கு வருபவர்களில் பலர் வெளிமாவட்டத்துக்காரர்கள். நான் வந்த மாதிரியே வருவார்கள். நன்றாகவும் நடத்துவார்கள். மாறுதல் கலந்தாய்வு வந்ததும் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் போன வருடம் மிக நன்றாக இருந்த பள்ளியில் இந்த வருடம் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கலாம். அதனால் மார்ச்சில் ஒரு முறை பாருங்கள், கலந்தாய்வு முடிந்த பிறகு இன்னொரு முறை விசாரியுங்கள். தனியார் பள்ளிகளிலும் இதே சிக்கல் உண்டு என்பது அங்கிருந்து வந்த பிள்ளைகள் சொன்னதிலிருந்து தெரியும். ஒரே வருடத்தில் மூன்று அறிவியல் ஆசிரியர்களைப் பார்த்த பிள்ளை என்னிடம் படித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வருவோம். தாம்பரம் பக்கம் பள்ளி பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று. இங்கே அப்படி இல்லை. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் நகரம் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மறுபக்கம் பாம்பன் பாலம் தாண்டினால் ராமேஸ்வரம் தீவு: பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். வீடு பாலத்துக்கு ஒரு பக்கமும் பள்ளி மறுபக்கமும் இருக்கும்படி எக்காரணம் கொண்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அந்தச் சாலையில் வண்டி நகராது. காற்று மிஞ்சிவிட்டால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மகளைக் கேந்திரிய வித்யாலயாவிலோ நகரத்துப் பள்ளியிலோ சேர்ப்பதென்றால், உச்சிப்புளிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு மனைவி பேருந்திலோ ரயிலிலோ மண்டபம் போய்வருவது நல்லது. பயணத்தைப் பெரியவர்கள் சுமக்கலாம், பிள்ளைகள் மேல் ஏற்ற வேண்டாம். பதினோராம் வகுப்பு வரும்போது எப்படியும் நகரத்துப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் எல்லாப் பாடப்பிரிவும் கிடையாது, நீட் போன்ற பயிற்சிக்கும் நகரமே வசதி.

இழப்பவற்றை மறைக்க மாட்டேன். நீச்சல் குளம், சதுரங்க வகுப்பு, பரதம், ரோபோ வகுப்பு என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். ஒன்றிரண்டு ராமநாதபுரத்தில் கிடைக்கும், மண்டபத்தில் எதிர்பார்க்காதீர்கள். பேச்சுப் பயிற்சி, கற்றல் குறைபாடு போன்றவற்றுக்குத் தொடர்ந்து உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் என் பதிலே மாறும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், ஆனால் சென்னையில் வாரம் மூன்று முறை கிடைப்பது இங்கே கிடைக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் 2009-லிருந்து வருகிறது என்றாலும் வீடு பார்க்கும்போது முதல் கேள்வி தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். மழை அளவாகத்தான் பெய்யும், பெய்தால் ஒரே நாளில் கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பள்ளி விடுமுறைகள் சொல்லாமல் வரும். மருத்துவத்துக்கு முன்பெல்லாம் எதற்கும் மதுரைக்கு ஓடுவோம், 2022 தொடக்கத்தில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு அந்தப் பயம் குறைந்திருக்கிறது.

மகளுக்கு இன்னொரு சிரமமும் இருக்கும். தாம்பரத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் சைக்கிளில் கடைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே சில தெருக்களில் பார்ப்பார்கள், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். முதல் மாதங்களில் அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும். அதே கேள்வி கேட்ட பாட்டிதான் மழை நாளில் பள்ளி வண்டி வராதபோது அவளைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து உங்களுக்குப் போன் போடச் சொல்வார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். அவளோடு வகுப்பில் உட்காரப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் இப்போதே சொல்லி வையுங்கள். அப்பா கடலுக்குப் போயிருப்பார். சில நாள் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று சேதி வரும், அன்று அந்தப் பிள்ளை எதுவும் பேசாது. அம்மா பாசி எடுக்கப் போகிறவராக இருப்பார். கடலைப் பற்றி உங்கள் மகளைவிட நூறு மடங்கு அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். வடக்குப் பக்கம் இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்று முதல் நாளே அவளுக்குச் சொல்லித் தருவார்கள். அவளுடைய ஆங்கிலம் அவர்களுக்கு வேண்டும். அவர்களுடைய தமிழ் அவளுக்கு வேண்டும். ஆசிரியர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். நான் அப்படித்தான் செய்தேன், அந்தப் பையன் போன பிறகு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். மனைவி மட்டும் இங்கே, நீங்கள் மூவரும் அங்கே என்பது. இது என் கருத்து மட்டுமே, ஆனால் முப்பது வருடம் ஆசிரியர் அறையில் பார்த்து வந்த கருத்து. வெள்ளி இரவு ரயிலேறி, ஞாயிறு இரவு திரும்பி வந்து திங்கள் காலை கண் சிவக்க வகுப்புக்கு வந்த சக ஆசிரியைகள் எனக்கு நிறையப் பேர். சென்னைக்கு ரயிலில் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதல் வருடம் எல்லா வாரமும் போவார்கள். இரண்டாம் வருடம் மாதம் இரண்டு முறை. "நான் போனா பிள்ளை விருந்தாளி வந்த மாதிரி பாக்குது" என்று ஒரு டீச்சர் என்னிடம் சொல்லி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் படிப்பில் யாரும் கெட்டுப்போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல மதிப்பெண்ணும் எடுத்தார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அடுத்த மூன்று வருடம் அம்மா பக்கத்தில் இருப்பதும், மூவாயிரம் பேர் படிக்கும் பெரிய பள்ளியில் படிப்பதும் ஒரே தராசில் வைக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. மகள் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ இருந்திருந்தால், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் பிரிந்திருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கட்டண பாக்கி பற்றி மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் 2024-ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பாக்கி இருந்தால் கட்டி முடித்துவிட்டு நல்லபடியாக விடைபெறுங்கள், பிறகு ஏதாவது சான்று வேண்டுமென்றால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். சான்றிதழ் வாங்கும் அன்றே எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள அடையாள எண்) கேட்டு எழுதிக்கொண்டு, கணினியில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிட்டார்களா என்று அங்கேயே நின்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளி பெயரைச் சேர்க்க முடியும். மகன் ஒருவேளை கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இலவச இடத்தில் படிக்கிறான் என்றால், அந்த இடம் கூடவே வராது. அது நுழைவு வகுப்பில் மட்டும் தரப்படுவது.

ஒரு மாதம் கழித்து மகள் தமிழை எப்படி வாசிக்கிறாள் என்று எழுதுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தின் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பாடத்திலிருந்து தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சத்தமாக. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.